வாய்க்காலில் விழுந்த பூவரசும் நின்று நின்று ஓடிய மிஷினும்

எங்கள் திடல் பூவரசுக்கு விழ வேறு இடமா கிடைக்கவில்லை? காற்றில் சாய்ந்து நேராக வாய்க்காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. வாய்க்கால் தலைப்பு மதகில் தண்ணீர் திறந்தாயிற்று, சாயங்காலத்துக்குள் நம்ம ஊருக்கு வந்துவிடும் என்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து போன் வேறு. மரத்தில் ஆகாயத்தாமரை வந்து அடைத்தால் தண்ணீர் ஏறிக் கரையை உடைக்கும். கரைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால். போர் தண்ணீரை வைத்துச் சேறாக்கி, முளைகட்டின விதையை முந்தின நாள்தான் தெளித்திருந்தார். வேர் பிடிக்காத விதை. வெள்ளம் பட்டால் அவ்வளவும் மிதந்து போய்விடும். மரமோ என்னுடையது.

அவர் கரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். “ஒன்னும் அவசரமில்லண்ணே, மெதுவா பண்ணுங்க. விதைதானே, போனா இன்னொரு தடவை தெளிச்சுக்கறேன்.” திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பரணிலிருந்து மரம் அறுக்கிற மிஷினை இறக்கினேன். என் மச்சான் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது வாங்கி, இரண்டு மரம் அறுத்துக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. கூட ஒரு புத்தகமும் உண்டு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், படம் மட்டும் பார்ப்பேன். அந்தப் படங்களில் ஒருவன் கண்ணைப் பொத்துகிறான், ஒருவனுக்குத் தீப்பிடிக்கிறது, ஒருவன் கையே போகிறது. அதைப் பார்த்துத்தான் மிஷினைப் பரணில் ஏற்றினேன்.

கயிற்றை இழுத்தேன். இருமியது, அவ்வளவுதான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மச்சானை வீடியோவில் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான்.

“அத்தான், டேங்க்ல பழைய பெட்ரோலை அப்படியே விட்டு வச்சீங்களா?”

“காலியா இருந்தா துருப் பிடிச்சிருமோன்னு ரொப்பி வச்சேன்.”

“மோந்து பாருங்க.”

வார்னிஷ் மாதிரி நாறியது. கொட்டிவிட்டுப் புது பெட்ரோலில் ஆயில் கலந்தேன்.

“ஆயில் அளவாத்தானே ஊத்துனீங்க?”

“கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதானேன்னு...”

“அத்தான், தோசைக்கா ஊத்துறீங்க?”

மறுபடி கொட்டி, மறுபடி கலந்தேன். ப்ளக்கைக் கழற்றினால் கரியும் பிசுக்கும். தேய்த்துத் துடைத்தேன். ஃபில்டரைத் தட்டினால் ஒரு பிடி தூசி. இந்த முறை மிஷின் ஊரையே மூடும் புகையோடு கிளம்பியது. பக்கத்து வயல்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கொசுவுக்கு நல்லதுண்ணே” என்றார்.

மரத்தில் மூன்று விரல் ஆழம் போனது. நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்ததோ என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ‘புஸ்’ என்றது. டேங்க் நிறைய இருந்தது. மூடி இழுத்தேன், ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. ஒழுகுகிறதோ என்று திறந்து பார்த்தேன். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. மச்சான், “கார்பரேட்டரைக் கழட்டணும் போலத்தான் இருக்கு” என்றான். கழற்றினதைத் திரும்ப மாட்டுவது யார்?

டீ கொண்டுவந்த என் மனைவி அதுவரை பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

“என்னங்க, நீங்க மூடியத் திறந்து பயந்த பிறகு ஓடுது. பயப்படாம இழுத்தா ஓட மாட்டேங்குது.”

போனிலிருந்து கத்தல் கேட்டது. “அக்கா! மூடியில காத்து போக சின்ன ஓட்டை இருக்கும், பாரு!”

மூடியைத் திருப்பினாள். ஓட்டை எங்கே இருக்கிறது? கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றுதான் அவள் சொன்னாள். அறுக்கிற சாமான், கைகாலுக்கு எதுவும் ஆகக்கூடாதே என்று கண்ட இடமெல்லாம் அப்பியவன் நான். மூடி வட்டமாக நெற்றி மாதிரி இருக்கவே அங்கே கொஞ்சம் தாராளமாக.

“ஏண்ணே, சாமி காப்பாத்துறதுக்கு மூச்சு விட வேணாமா?” என்றார் கரையில் இருந்த பக்கத்து வயல்காரர்.

மனைவி தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்தினாள். உதிர்ந்த சந்தனம் காலில் படுமே என்று நான் பூவரசு இலையை ஏந்திக்கொண்டு நின்றேன். “இலையக் கீழ வச்சுட்டு மரத்த அறுங்க” என்றாள்.

அப்புறம் மிஷின் நிற்கவே இல்லை. வெட்டி முடித்துக் கயிறு கட்டி, மூன்று பேரும் இழுத்து நடுத்துண்டைக் கரையேற்றும்போது, வளைவில் தண்ணீரின் தலை தெரிந்தது. நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் முன்னால் வர, எங்கள் காலை நனைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது.

அவர் நாற்றங்காலில் குனிந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக முளை, அசையாமல் அப்படியே இருந்தது. டீ டம்ளரை வாங்கிக் குடிக்கப் போனார். பாதி டீ வேட்டியில் கொட்டியது. அவ்வளவு நேரம் அதிர்கிற மிஷினைப் பிடித்திருந்தவன் நான். என் கையைவிட அவர் கைதான் அதிகம் நடுங்கியது.