நாலரைக் கட்டைச் சின்னதுரை

கீபோர்டின் சின்னத் திரைமேல் கறுப்பு டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்தாள் நிர்மலா. திரைக்குள் மைனஸ் நாலு என்றிருந்தது. அதைச் சின்னதுரை பார்க்கக் கூடாது.

சின்னதுரை கள்ளக்குறிச்சியில் ஓர் இன்னிசைக் குழுவின் முதலாளி, பாடகர், முதல் ரசிகர். அவருடைய சுருதி நாலரைக் கட்டை. ஆண்கள் பலரும் ஒன்றிலும் ஒன்றரையிலும் நின்றுவிடும் உலகத்தில் நாலரை என்பது ஒரு பதவி. போஸ்டரில் பெயருக்கு முன்னால் அச்சடித்திருந்தார். பதினோரு வருடத்தில் குரல் மட்டும் நாலு, மூன்று, இரண்டரை என்று பணிவாக இறங்கி, இரண்டில் உட்கார்ந்துவிட்டது. இந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சேராமல் பார்த்துக்கொண்டது நிர்மலா. அவள் விரல்கள் நாலரைக் கட்டையான எஃப் ஷார்ப் மேஜரில் ஓடும். ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை. எழுதினால் ஆறு ஷார்ப் குறி. டிரான்ஸ்போஸ் பட்டன் அதையெல்லாம் நாலு படி இறக்கி, இரண்டு கட்டையான டி மேஜராக வெளியே அனுப்பும். கறுப்பில் விரல் ஓடுவதைப் பார்த்துச் சின்னதுரை நிம்மதியாகப் பாடுவார். விஷயம் தெரிந்தால் அன்றே அவளுக்குச் சீட்டுக் கிழியும்.

அன்று கல்வராயன் மலையில் ஓர் ஊர்த் திருவிழா. திருநாவலூரிலிருந்து செழியன் என்று புதிதாகப் புல்லாங்குழல்காரர் வந்திருந்தார். மதிய ஒத்திகையில் அவர் ஊதிய முதல் ஸ்வரமே கீபோர்டோடு மோதியது.

"இன்னாய்யா ஊதற? ஆடு கத்தறாப்ல கீது" என்றார் சின்னதுரை.

"நாலரைன்னு போன்ல சொன்னீங்களே. இது நாலரைக் குழல்தாங்க. கீபோர்டுதான் கம்மியா கீது."

"நம்ம சுருதியா கம்மி? பதினோரு வருசமா வாசிச்சிக்கினு கீது இந்தப் பொண்ணு. குழலத் தூக்கிக்கினு பஸ் ஏறுய்யா."

செழியன் டேப்பைப் பார்த்தார். "அக்கா, நீங்களே சொல்லுங்க."

நிர்மலா டிரான்ஸ்போஸ் பட்டனை மேல்நோக்கி நாலு தடவை அழுத்தினாள். "குழல் சரிதாண்ணே. நான்தான் செட்டிங்கைத் தப்பா வெச்சிட்டேன்."

மாலையில் பல்லவியைச் சின்னதுரை முகம் சிவந்து கடந்தார். சரணத்தில் குரல் உடைந்தது. முன்வரிசை சிரித்தது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோய் விஞ்ஞானம் பேசினார்.

"மலை ஒசரம்ங்க. மூவாயிரம் அடியில சுருதி தானா ஏறிக்கும்."

"நாங்க பொறந்ததுலேர்ந்து இந்த ஒசரத்துலதான் பாடிக்கினு கீறோம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சின்னதுரை கீபோர்டிடம் வந்து டேப்பை உரித்தார். பூஜ்யம்.

"இங்க இன்னா இருந்துச்சி?"

"மைனஸ் நாலு."

"எத்தினி வருசமா?"

"மொதல்ல மைனஸ் ஒன்னுதாண்ணே."

மீதிப் பாட்டுகளைத் துணைப் பாடகி ஷாலினி பாடினாள்.

மறுநாள் பத்தரை மணிக்குச் சின்னதுரை போன் செய்தார். வேறு ஆள் கிடைத்துவிட்டதாகவும் இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். செழியனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கீபோர்டு குழுவுடையது. நிர்மலா அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கினாள். அவர் மனைவி வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும்போது கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியில் கரும்பு லாரி ஒன்று பழுதாகி நின்றதால் வீடு சேர மாலை நாலு மணி ஆயிற்று.