பகல் காவல்

வெங்காய வண்டி திருப்பத்தில் தலைகாட்டியதுதான் தாமதம், சுட்டுவிரலை உதட்டில் வைத்தபடி தர்மநாதன் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். ஒலிபெருக்கி வாய் திறப்பதற்குள் வண்டியின் ஜன்னலைத் தட்டி, "யப்பா, கொஞ்சம் ஆஃப் பண்ணுப்பா. மாடில பொண்ணு தூங்குது" என்கிறார். வண்டிக்காரன் சும்மா அணைப்பானா? ஒரு கிலோ வெங்காயம் வாங்கியாக வேண்டும். தர்மநாதன் வீட்டிலோ வெங்காயம் சேர்ப்பதில்லை. பரம்பரைச் சமணக் குடும்பம். அதனால் அந்தப் பை நேரே எதிர்வீட்டுக்கு, அதாவது எங்களுக்கு, வந்துவிடும். கொஞ்ச நாளாக நாங்கள் காசு கொடுத்து வெங்காயம் வாங்குவதில்லை.

செஞ்சிக் கடைத்தெருவை ஒட்டிய எங்கள் தெருவில் அவர் பெயர் மாவு மில் நைனார். கீழே மில், மேலே வீடு. முன்பெல்லாம் விடிந்ததும் ஓட ஆரம்பிக்கும் மில் இப்போது பகல் முழுக்க மூடிக்கிடக்கிறது. அரிசியும் மிளகாயும் தூக்கிவருகிற பெண்களை, "பொழுது சாய வாங்கம்மா" என்று கிசுகிசுத்து அனுப்பிவிடுகிறார். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. அவர் கிசுகிசுப்பதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

எல்லாம் மகள் நீலாஞ்சனாவுக்காகத்தான். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், சென்னை வேலையை உதறிவிட்டு ஊருக்கே வந்தவள். வீட்டிலிருந்தபடி பார்க்க ஒரு அமெரிக்கக் கம்பெனி வேலை கிடைத்தது. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. இருட்டியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்பாள். பகலில் தூங்க வேண்டும், தூக்கம் வருவதில்லை. போன மாதம் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேலய வுட்டுடணும், ஆமா!" என்று அன்றைக்குக் கத்தினார் தர்மநாதன். அதற்கப்புறம் அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. "ஒடம்புக்குள்ள ஒரு கடியாரம் இருக்குதாம் சார். வெளிச்சத்தப் பாத்துதான் அது ஓடுதாம். வயித்துக்கு ஒண்ணு, ஈரலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வேற இருக்குதாம். எல்லாம் ஒண்ணா ஓடுனாதான் ஆளு நல்லாருக்கும், இல்லன்னா சீக்குதான்னு சொல்லிட்டாரு. எந்தக் கடியாரத்தன்னு நான் திருப்பி வெக்கறது, சொல்லுங்க?"

வெளிச்சம்தானே பகையாளி என்று மறுநாளே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயவைக்கிற தார்ப்பாயை எடுத்து மாடி ஜன்னலில் கட்டினார். இடுக்குகளில் கோணிச்சாக்கைத் திணித்தார். பகல் முழுக்க வாசல் வேப்பமரத்துக் குயிலோடு மல்லுக்கு நிற்கிறார். இரவிலாவது தூங்குகிறாரா என்றால், மாடியில் மகள் இங்கிலீஷில் பேசும் குரலைக் கேட்டுக்கொண்டு அவரும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். கேட்டால், "எனுக்கு இன்னா சார், மில்லு மூடித்தான கெடக்குது" என்று கொட்டாவியை விழுங்குகிறார். அப்பனும் மகளும் இப்படியே எத்தனை நாளைக்குத் தாங்குவார்கள்?

வெளிச்சத்தை அடைத்தாயிற்று. ஆனால் சாப்பாட்டுக்கு வெளிச்சம் வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் ஒரு பருக்கை வாயில் படாது. சின்ன வயதிலிருந்து நீலாஞ்சனா அந்தச் சமண விரதத்தை விட்டதில்லை. சென்னை ஹாஸ்டலிலும் விடவில்லை. காலையில் படுக்கப் போகும்முன் ஒரு வேளை, சாயங்காலம் எழுந்ததும் ஒரு வேளை. சாயங்காலத்துச் சாப்பாடு தவறினால் மறுநாள் சூரியன் வருகிறவரை பட்டினிதான். பட்டினியோடு இரவெல்லாம் வேலை பார்க்க வேண்டும். ஆகவே வெயில் மஞ்சளாகத் தொடங்கினாலே தர்மநாதனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எழுப்பினால் தூக்கம் போச்சு. எழுப்பாவிட்டால் சாப்பாடு போச்சு.

போதாக்குறைக்கு எங்களுக்கு மேற்கே ராஜகிரி மலை. மார்கழியில் காலண்டர் சொல்கிற நேரத்துக்கு முன்னாலேயே சூரியன் அதன் பின்னால் போய்விடும். "மலை மறைச்சாலும் சூரியன் அங்கதானே இருக்குது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியாத சூரியன வெச்சிக்கினு சோறு துன்றதா? போனா போனதுதான் சார்" என்றுவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அவரே தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு. இத்தனை நாளில் அதைப் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கு அசையவே இல்ல சார். மூணு வாட்டி கதவாண்ட நின்னு பாத்துட்டேன். அடிச்சிப் போட்டாப்ல தூங்குது!"

"எழுப்பலையா? பொழுது போகுதே."

தர்மநாதன் மலையைப் பார்த்தார். பாதிச் சூரியன் உள்ளே போயிருந்தது. வடித்து மூடிவைத்த சோறு அவர் வீட்டில் ஆறிக்கொண்டிருக்கும். வீட்டுப் பக்கம் போக ஒரு எட்டு வைத்தவர் மறுபடி என் பக்கமே திரும்பிவிட்டார்.

"வேணாம் சார். ஒரு வேள துன்னலன்னா ஒண்ணும் ஆயிடாது. தூக்கம் வந்துடுச்சு பாத்தீங்களா, அது போதும். இனிமே வேலய வுடச் சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய தலைக்கு மேலாக நான் மாடியைப் பார்த்தேன். தார்ப்பாயின் ஓரம் விலகியிருந்தது. கடைசி வெயில் பட்டு நீலாஞ்சனாவின் முகம் தெரிந்தது. சிவந்த கண்கள், ஒரு பொட்டுத் தூக்கம் காணாத கண்கள். அவள் சூரியனைப் பார்க்கவில்லை. கீழே தனக்கு முதுகைக் காட்டி நிற்கிற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயெடுக்கப் போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சுட்டுவிரலை உதட்டில் வைத்தாள்.