ஒரு சாண் இடப்பக்கம்

எனக்குத் தெரிந்து, மார்க்கம் நகருக்கு வடக்கே முயல் சுட லைசென்ஸ் எடுத்திருந்த ஒரே தமிழர் எங்கள் பக்ரறியில் மெஷின் ஓட்டியவர்தான். கட்டையான மனிதர், அடர்ந்த புருவம். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் குடையைத் தோளில் ஏற்றி, இடது முழங்கையை விலாவோடு ஒட்டி, தெருவிளக்கைக் குறிபார்ப்பார்.

"நிண்டு சுடேக்கை துவக்கு ஆடும் ஐசே. மல்லுக்கட்டக் கூடாது. மூச்சைப் பாதி விட்டிட்டு, ஆட்டம் குறையேக்கை மெல்ல அழுத்தவேணும்."

அவருக்கு லீவு வெள்ளிக்கிழமைகளில்தான். தை மாதத்து வெள்ளியொன்றில் என்னையும் கூட்டிப்போனார். இருபது கஜ தூரத்தில், பனியில் ஒரு முயல். சிலைபோல நின்று சுட்டார். பனி தெறித்தது. முயல் ஓடிவிட்டது.

"தவறிப்போச்சு, அண்ணை."

"ஆர் சொன்னது? ஒரு சாண் இடப்பக்கம் வைச்சுச் சுட்டனான். இண்டைக்கு வெள்ளியெல்லோ! மச்சம் மாமிசத்தோடை போனால் மனுசி வீட்டுக்குள்ளை விடாள்."

போய் அளந்தேன். சரியாக ஒரு சாண்தான்.

ஒக்டோபரில் அவருக்கு ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. நான் கறித்தூளை வறுத்து வைத்துவிட்டுப் போனேன். முயல் புல்லுக்குள் அசையாமல் இருந்தது. மூச்சைப் பாதி விட்டார், சுட்டார். அதுவும் ஓடிவிட்டது. நான் சாண் அளக்கப் புறப்பட்டேன். அவர் முறைத்தார்.

"புரட்டாதிச் சனியெண்டு தெரியாதோ உமக்கு?"

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தேன். ஐப்பசி பிறந்து மூன்று நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை பஸ் தரிப்பில் அதைச் சொல்லத்தான் போனேன். குடையைத் தோளில் ஏற்றி, தெருவிளக்கைக் குறிபார்த்தபடி அவ்வளவு வடிவாக நின்றார், சொல்ல மனம் வரவில்லை.