தவராசாவின் இடம்

பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டால் இந்த எழுபத்தாறு வயதிலும் எதையாவது எண்ணாமல் இருக்கமுடிவதில்லை. மாத்திரைகளை எடுத்து இன்னொரு தடவை எண்ணுகிறேன். எண்ணும் பழக்கம் எட்டு வயதிலேயே இருந்தது. அந்த வருடம் நான் எண்ணிக்கொண்டிருந்தது எட்டாம் வகுப்பை.

நான் மூன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் இருந்தவள் அக்கா. வரவு எடுக்கும் இடாப்பில் அவளோடு பதினான்கு பேர். பள்ளிகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசியும் கிராமச்சங்கத் தலைவரும் பார்வையிட வரும் நாளில் பன்னிரண்டு பேராவது வகுப்பு வாங்குகளில் உட்கார்ந்து பாடம் வாசித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினத்துப் பள்ளிக்கு அனுப்புவதாக முடிவு. "குமர்ப்பிள்ளையை பஸ்ஸில ஏத்த ஏலாது. மூடினால் வீட்டில இருக்கட்டும்" என்று அப்பா ஒரே தடவைதான் சொன்னார். அதன் பிறகு அக்கா சோற்றைக் கையால் அளைந்துவிட்டு எழுந்துபோவாள்.

பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்களா என்று கவனிப்பது சங்க உறுப்பினரான சித்தப்பாவின் பொறுப்பு. கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் ஊரின் பெரிய கரைவலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியும் அவர்தான். கயிறு இழுக்க வரும் பெடியன்களுக்குப் பங்கு மீன் கொடுப்பார். ஆகவே காலையில் எட்டாம் வகுப்பை வெறுமையாக்குபவரும், மாலையில் சங்கத்தில் அதற்காகக் கவலைப்படுபவரும் ஒருவரே.

பார்வையிடும் நாளன்று ஒருவரும் கடற்கரைப் பக்கம் வரக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் அன்று விடியக் கீரிமீன் கூட்டம் கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. மணி அடித்தபோது எண்ணினேன். வாங்கில் ஆறு பேர். மற்ற எட்டுப் பேரும் கயிற்றில்.

காலில் மணலோடு சித்தப்பா வந்தார்.

"வலையை நிப்பாட்டுங்கோவன்" என்றார் தலைமை வாத்தியார்.

"வளைச்சாச்சு வாத்தியார். உங்கட வித்தியாதரிசி போகுமட்டும் மீன் பாத்துக்கொண்டு நிக்குமோ? சின்ன வகுப்பில வாசிக்கத் தெரிஞ்ச ஆறு பேரைத் தூக்கி இதில இருத்துங்கோ."

ஆறாவது ஆள் நான்.

"இவன் சரியான கட்டையன்" என்றார் வாத்தியார்.

"வாங்கில இருந்தால் ஆருக்குத் தெரியும்?"

சித்தப்பா என் காதருகே குனிந்தார். "தவராசா எண்டு கூப்பிட்டால் எழும்பி ஓம் சேர் எண்டு சொல்லு. பிழைவிட்டியோ, உன்ர அக்கா வீட்டோடதான்."

கயிற்றில் நின்ற எட்டுப் பேரில் ஒருவனான தவராசா எனக்கு இரண்டு மடங்கு. இரண்டு வருடத்துக்கு முன் அவன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் அம்மாவும் மூன்று தங்கச்சிமாரும்.

வித்தியாதரிசி மெலிந்த மனிதர். இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு பெயராக நிதானமாக வாசித்தார். என் முறை வந்தது. எழுந்தேன். ஓம் சேர் என்றேன். புத்தகத்தை நீட்டினார், பன்னிரண்டு வரியையும் தட்டாமல் வாசித்தேன். அக்கா குனிந்தபடியே மூச்சு விட்டது கேட்டது.

"நல்லாய் வாசிக்கிறாய். கையை நீட்டு, நகம் பாப்பம்."

நீட்டினேன். அவர் நகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பெருவிரலால் தடவினார். மற்றப் பெடியன்களின் கைகளையும் அப்படியே தடவிப் பார்த்தார்.

"இந்த ஊரில எட்டாம் வகுப்புப் பெடியனுக்குக் கையில கயிறு பட்ட காய்ப்பு இல்லை" என்றார் தலைவரிடம். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "தவராசா இப்ப எங்க நிக்கிறான்?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பா கடற்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

வித்தியாதரிசி இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும். எண்ணிக்கொண்டே நடந்தேன், நூற்றெண்பத்து மூன்று அடி. கயிற்றருகே நின்று பெயர்களை மறுபடி கூப்பிட்டார். பெடியன்கள் கயிற்றை விடாமலே பதில் சொன்னார்கள். தவராசா என்றதும் நான் வாயைத் திறந்துவிட்டேன்; அக்கா என் தோளைக் கிள்ளினாள்.

உண்மையான தவராசா பின்புறமாகக் காலெடுத்து வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். வித்தியாதரிசி புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தார். பத்து அடி தூரத்தில் அவன் மூன்று சொல் வாசித்தான். பிறகு நின்றுபோனது.

"தெரியேல்லை சேர்."

"கயிற்றை விட்டிட்டு வாசி."

"விட்டால் பங்கு இல்லை சேர்."

"சேரும் ஒரு கை பிடிச்சால் சேருக்கும் ஒரு பங்கு" என்று கயிற்றின் நுனியிலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. வித்தியாதரிசி சிரிக்கவில்லை. வகுப்பு ஒரு வருடம் இருக்கட்டும் என்றார். ஆனால் நாளையிலிருந்து இடாப்பில் உள்ள ஒரு பிள்ளையும், பள்ளி நேரம் மட்டுமல்ல, எந்த நேரமும் கயிற்றைத் தொடக்கூடாது. தொட்டால் வகுப்பும் இல்லை, சித்தப்பாவுக்குச் சங்கத்தில் இடமும் இல்லை; தலைவரும் தலையாட்டினார்.

"ஓம் சேர், ஓம் சேர்" என்றார் சித்தப்பா. பதவி போய்விடும் என்ற பயத்தில் அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றினார்.

திங்கட்கிழமை வாங்கில் பதினான்கு பேரும் இருந்தார்கள். இரண்டு தடவை எண்ணினேன். கடைசியில் தவராசா, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு.

மூன்றாம் வாரம் அவனுடைய அம்மா சித்தப்பா வீட்டு வேலியருகே வந்து நின்றாள். "அவன் கொண்டுவாற மீனாலதான் தம்பி எங்கட அடுப்பு எரிஞ்சது."

"அது மேலிடத்துக் கட்டளை அக்கா. நான் என்ன செய்யிறது?"

அவள் திரும்பி நடந்தாள். அந்தக் கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குச்சவெளியில் இருந்த தமையனிடம் போய்விட்டாள். தலைமை வாத்தியார் இடாப்பில் தவராசாவின் பெயருக்கு மேல் சிவப்பு மையால் கோடு கீறினார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இனி அந்தப் பெயரால் ஒருவரும் என்னை எழுப்பிக் கேள்வி கேட்கமுடியாது என்று நெஞ்சு லேசானது. பன்னிரண்டு போதும், பதின்மூன்று பேர் இருந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அக்காவிடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன்.