இலை வாட்டும் மாடியில் இரண்டு மடிக்கணினிகள்

என் மகள் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் அனிமேஷன் படிக்கிறாள். முதல் செமஸ்டருக்கு, நான் பள்ளிக்கூடத்தில் பாடக்குறிப்பு தட்டிக்கொண்டிருந்த மடிக்கணினியைத்தான் கொண்டு போனாள். இறுதிப் படைப்பை ஒப்படைக்க வேண்டிய நாளில் அதன் திரை கறுத்தது. செய்து வைத்திருந்த வேலையில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. வகுப்பறைக்கு வெளியே நின்று எனக்குப் போன் செய்தாள். "மா, நான் வந்துடுறேன். இது எனக்குச் சரிப்படாது" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவே இல்லை.

அடுத்த செமஸ்டரில் மறுபடி ஒப்படைக்கலாம் என்று விரிவுரையாளர் அனுமதி தந்திருந்தார். ஆனால் விடுமுறைக்கு மலையேறி எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தவள், திரும்பிப் போவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல கருவி கைக்கு வந்தால் அவளே கிளம்புவாள் என்றார் என் கணவர். என் மனதில் வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை திரை கறுத்தால் இவள் படிப்பை அப்படியே விட்டுவிடுவாள்.

பக்கத்து மலையூரான தானா ராத்தாவில் எங்களுக்குத் தெரிந்த கணினிக் கடை ஒன்று உண்டு. கடைக்காரரின் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். அவர் இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைத்தார். ஒன்று சில வருடங்களுக்கு முந்தைய மாடல். காட்சிக்கு வைத்திருந்தது, கனமானது, விலையை நன்றாகக் குறைத்திருந்தார். படங்களைக் கையாளும் கிராபிக்ஸ் கார்டு பெரியது. மற்றது இந்த வருடத்து மாடல். மெல்லியது. கார்டு ஒரு படி சிறியது, தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"டீச்சர், பழசுன்னு பாக்காதீங்க. இது மாடு மாதிரி இழுக்கும்லா" என்றார்.

"மாடு நடுரோட்டுல படுத்துக்கிட்டா யாரு அங்கிள் எழுப்புறது?" என்றாள் மகள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் அடித்த முதல் கிண்டல் அது.

பென் டிரைவில் தப்பிப் பிழைத்திருந்த ஒரு காட்சியை இரண்டிலும் ஏற்றினாள். அவள் வரைந்து, விளக்கு அமைத்து வைத்ததைக் கருவி கணக்குப் போட்டு முழுப்படமாக்கித் தர வேண்டும். அந்த வேலைதான் கருவிகளைத் திணறடிக்கும். பழையது மளமளவென்று முடித்தது. புதியது பின்னால் வந்தது.

"பழசே போதும்பா" என்றாள். கணவருக்கும் திருப்தி. கடைக்காரர் அட்டைப்பெட்டி தேடப் போனார்.

நான் பழைய கருவியின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். இதமாக இருந்தது. என் விரல்கள் விறைத்திருந்ததால் கையை எடுக்கவே மனம் வரவில்லை. அப்போதுதான் சுருக்கென்றது. கடைக்குள் இருந்த எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். கதவு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த மலையில் எங்களில் ஒருவர் வீட்டிலும் மின்விசிறி கிடையாது. வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடுகிறதே என்பது எங்கள் கவலை. ஆறாத சூட்டைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. ஆனால் ஈப்போவில் மகளின் விடுதி அறையில் நான் முன்பு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே விசிறி வெந்த காற்றைத்தான் சுற்றிவிடும். தலையணைகூடச் சுடும்.

"அண்ணே, இதை ஈப்போ வெயில்ல ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"கடை இங்க இருக்கு டீச்சர். ஈப்போவுக்கு எங்க போறது?"

"நம்ம ஃபேக்டரி மாடிக்குப் போவோம்" என்றேன்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி வாட்டுவது அங்கே மேல்மாடியில்தான். மழைக்காலமென்றால் சூட்டை இன்னும் கூட்டுவார்கள். தேயிலைத்தூள் பறந்து கருவிக்குள் போகும் பயமும் அங்கே இல்லை. எஸ்டேட்டில் ஈப்போ வெக்கைக்கு மிக அருகில் வரும் இடம் அதுதான்.

"துரை பாத்தாருன்னா என்னா சொல்றது?" என்றார் கணவர், எஸ்டேட் மேனேஜரை நினைத்து.

"கொழுந்தோட சேர்த்து லாப்டாப்பையும் வாட்டுறோம்னு சொல்லுங்க."

எஸ்டேட் கணக்கரான கிராணிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டார். கிராணி சிரித்துவிட்டுச் சரி என்றாராம். கடைக்காரர், "என் சாமான் போற எடத்துக்கு நானும் வருவேன்" என்று கடையைச் சாத்திவிட்டு எங்களோடு காரில் ஏறிக்கொண்டார்.

தொட்டிகளின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு இரண்டையும் வைத்தோம். மகள் தொடங்கிவிட்டாள். இந்தத் தடவை காட்சியைப் பெரிதாக்கியிருந்தாள். இங்கேயும் பழையதுதான் முந்தியது.

"பாத்தீங்களா டீச்சர்? போலே, இதால முடியும்!" என்றார் கடைக்காரர், ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே.

இலை புரட்டிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "என்னா டீச்சர், கொழுந்துக்குப் படம் காட்டுறீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்துப் பழைய கருவியின் உள்விசிறி இரையத் தொடங்கியது. தொட்டிகளின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. வேகம் குறைந்தது. புதியது எட்டிப் பிடித்தது, தாண்டியது. பிறகு பழையதின் திரை பட்டென்று கறுத்தது.

என்னை அறியாமல் மகளின் கையை இறுகப் பிடித்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படி இறுக்குறீங்க? எல்லாத்தையும் மூணு எடத்துல வச்சிருக்கேன். இனிமே எதுவும் போகாது."

அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன். இல்லை. பயம் முழுக்க என்னிடம்தான் இருந்தது.

கடைக்காரர் பழையதைத் தடவிப் பார்த்துக் கையை உதறினார். "உள்ள தூசி இருக்கும். தொறந்து கிளீன் பண்ணித் தர்றேன், வெலையும் இன்னும் கொறைக்கிறேன்."

எனக்குச் சபலம் தட்டவில்லை. கடையில் அதன் வேகத்தைப் பார்த்து நானும் மயங்கியவள்தான். இப்போது என் கண்ணால் பார்த்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் புதியதைத்தான் வாங்குவேன். சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள். இத மலையில இருக்கவங்களுக்கே வித்துடுங்க, இங்க சூப்பரா ஓடும். எனக்கு மெதுவா போனாலும் முடிக்கிறதுதான் வேணும்."

"அப்ப டிஸ்கவுண்ட் கேக்கக் கூடாது" என்றார் அவர்.

"பேக்காவது ஓசியில குடுங்க" என்றார் கணவர்.

அவர்கள் பையைப் பற்றிப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே புதிய கருவி படத்தை முடித்தது. திரையில் எங்கள் மலையின் பிரிஞ்சாங் சாலை நெரிசலில் முட்டைக்கோஸ் லோரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் ஒரு பூனை லோரிக்கு லோரி தாவி, யாருக்கும் காத்திராமல் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் குனிந்து நெற்றியைச் சுருக்கினாள்.

"பூனைக்கு நெழலே விழல பாருங்க. லைட்டு தப்பு. ஈப்போ போனதும் மொதல்ல இதைத்தான் மாத்தணும்."