ஏசி அறையில் ஒன்று, பஞ்சுக்குள் ஒன்று

தொண்ணூறுகளில் ராஜபாளையத்து மில் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய்வந்தேன். ஆபீஸில், ஏசி அறைக்குள் ஒரு சர்வர் இருந்தது. நூல் ஓடும் கூடத்தில், பறக்கும் பஞ்சுக்கு நடுவே ஒரு மலிவுக் கம்ப்யூட்டர். என்னைக் கூப்பிடுவதெல்லாம் இந்த இரண்டாவதற்குத்தான்.

அதற்குப் பக்கத்து மெஷினில் வயதான தொழிலாளி ஒருவர் நிற்பார். இமையிலும் மீசையிலும் பஞ்சு. தொண்டையில் சேரும் பஞ்சை இறக்கும் என்று மில்லில் கொடுக்கிற வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே இருமுவார்.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். ப்ராசஸருக்கு மேலிருந்த விசிறி பஞ்சடைத்து நின்றிருந்தது.

"ஏசி ரூம்ல இருக்கதுக்கும் இதுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?" என்றார்.

"அதுல இருக்க ப்ராசஸர் விலை கூடுனது, அண்ணாச்சி. ராப்பகலா ஓடுறதுக்குன்னே செஞ்சது. இது சாதா. நின்னுட்டா வேற ஒண்ணு வாங்கி வச்சிக்கிடலாம்."

"இதுவுந்தான மூணு ஷிப்டும் ஓடுது?"

"ஓடுது. ஆனா அதுக்குன்னு செஞ்சதில்ல."

அவர் இருமி முடிக்கச் செத்த நேரமானது.

"அப்ப இது எங்க ஆளு," என்று வெல்லத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எறும்பு வந்துரும், அண்ணாச்சி."

"பஞ்சுக்கு எறும்பு எவ்வளவோ தேவல, தம்பி."

அடுத்த முறை போனபோது அங்கே புதுப் பெட்டி இருந்தது. பக்கத்து மெஷினில் புது ஆள். பழையவரை விசாரித்தேன்.

"அவிய நின்னுட்டாவ," என்றான், கன்னத்தில் வெல்லத்தோடு.

நின்றது வேலையா, மூச்சா என்று கேட்காமல் புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.