பொன்விழா வாசலில் ஊசியக்கா

சபையில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் அழைப்பார்கள். தையல் தொழில் பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் எல்லாம் அவள் தைத்தவை. அளவெடுக்கும்போதே, "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, பாடும்போது பட்டன் தெறிக்கும்" என்று மானத்தை வாங்கிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் மெஷின், தம்பி குடும்பம், அந்த மெதடிஸ்ட் சபை, இவ்வளவுதான் அவள் உலகம்.

சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்தது. மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தாள். ஆனால் ஆலய வாசலில் படிகள் இருந்தன. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை போடச் சொல்லிக் கமிட்டியைக் கேட்டாள். கமிட்டிச் செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பிதான். "பாக்கலாம்க்கா" என்றான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இளைஞர்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். பீரோவைத் தூக்குவதுபோல, "அந்தப் பக்கம் சாய்க்காத, இங்க பிடி" என்று கூச்சல் வேறு. கல்யாணம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவளை இறக்கிவிட வேண்டுமென்று ஒருவருக்கும் நினைவில்லை. மின்விசிறிகளை அணைக்க வந்த காவலாளிதான் பார்த்துப் பதறினான். அதற்குள் அவள் அடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துபோயிருந்தாள். தம்பி மனைவியைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆத்திரம் மட்டும் உள்ளே கொதித்துக்கொண்டே கிடந்தது.

ஆலயம் கட்டி ஐம்பது ஆண்டு நிறைந்தது. பொன்விழாவுக்காகச் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள், கோபுரத்துக்கு விளக்குப் போட்டார்கள். பழைய வாசற்படிகளை உடைத்து, பளபளக்கும் கருங்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். மறுபடியும் படிகள்! விழாவன்று காலை தம்பி மனைவி தள்ளிவர, அதைப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இளைஞர்கள் தூக்க வந்தார்கள். அவள் நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் போட்டாள்.

"கைய எடுங்கடா."

தம்பி கோட்டும் பேட்ஜுமாக ஓடிவந்தான். "அக்கா, பேராயர் வர்ற நேரம். ரகளை பண்ணாத."

"படிய இடிச்சியே, அப்பக்கூடவா என் ஞாபகம் வரல?"

"ஒரு ஆளுக்காக முன்வாசல் அழகக் கெடுக்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அதற்குள் பேராயரின் கார் வந்துவிட்டது. "இவங்க ஏன் வெளிய இருக்காங்க?" என்று கேட்டார் அவர்.

"அக்காவுக்குக் கூட்டம்னா மூச்சு முட்டும், ஐயா."

"பொய்!" என்று கத்தினாள். பேராயர் சங்கடமாகச் சிரித்து, அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் படியேறிப் போனார்.

ஆராதனை ஒலிபெருக்கியில் கேட்டது. தம்பி அறிக்கை வாசித்தான். "யாரையும் தள்ளாத வாசல் இது" என்று ஒரு வரி. உள்ளே கைதட்டினார்கள். "கேட்டியா? கேட்டியாடி?" என்று தம்பி மனைவியின் கையைப் பிடித்து உலுக்கினாள் ஊசியக்கா.

திருவிருந்து நேரத்தில், புதிதாக வந்திருந்த இளம் போதகர் அப்பத் தட்டையும் திராட்சரசப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"வேண்டாம் பாஸ்டர். ஆண்டவர் என்னைப் பந்திக்கு வரச் சொன்னாரா, பார்சல் அனுப்பச் சொன்னாரா?"

போதகருக்கு முகம் செத்துப்போனது. தம்பி மனைவியின் பக்கம் தட்டை நீட்டினார். புருஷன் பேச்சை ஒருநாளும் தட்டாதவள் அவள். "அண்ணி எடுக்கலன்னா எனக்கும் வேண்டாம்" என்றாள்.

போதகர் தட்டோடு படியேறித் திரும்பினார். ஆனால் அடுத்த திருவிருந்து ஞாயிறன்று மேசையையே கீழே முற்றத்துக்கு இறக்கிவிட்டார். வெயிலில் நின்ற சபையார் முணுமுணுத்தார்கள். "பாதை வர்ற வரைக்கும் இப்படித்தான்" என்றார். அடுத்த முறையும் வெயில்தான். அதற்குமேல் பொறுக்காமல் கமிட்டி கூடியது. தம்பி பதவியை உதறினான், பாதை வந்தது.

ரிப்பன் வெட்ட அவளைக் கூப்பிட்டார்கள்.

"நான் திறந்துவைக்க இது என்ன நகைக்கடையா? வழி. எப்பவோ இருந்திருக்கணும்" என்று கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டாள்.

தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறினாள். பாதியில் தோள் இற்றுப்போனது. தள்ளட்டுமா என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் அவளே திரும்பி, "ஏன் மரம் மாதிரி நிக்கிற? தள்ளேன்" என்று தம்பி மனைவியை அதட்டினாள்.

உள்ளே தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சக்கரச் சத்தம் அவன் காதில் விழாமலிருக்க வழியில்லை. அவன் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. முதல் பாட்டு தொடங்கியதும், அவன் பிடரியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் மேலே குரலை உயர்த்திப் பாடினாள்.